கூப்பிட்டால் வராத நாய்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டில் கொஞ்சம் கண் அயர்ந்தால் போதும், நாய்கள் வந்துவிடுகின்றன. பெயர் மறந்துபோன நாய்கள்கூட வரும். சத்தமே இல்லாமல் அறைக்குள் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கட்டில் காலருகே படுத்துக்கொள்ளும். ஈர ரோமத்தின் வாசனை அப்படியே மூக்கில் ஏறும். விழித்துப் பார்த்தால் வெறும் தரைதான். ஜன்னல் வழியே விழுந்த வெயில் மட்டும் அங்கே நீளமாகப் படுத்திருக்கும்.

நாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், "அமுதாக்கா, எங்களுக்கு ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். குளிப்பாட்டுவதும் நகம் வெட்டுவதும் சிக்கெடுப்பதும் நாளடைவில் உங்கள் கைக்கே வந்துவிடும். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒரு குளிர்காலக் காலையைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் நாய்களின் ஊர் பற்றி.

விலை உயர்ந்த நாய் ஒன்று வாசலில் வந்து இறங்கினால் எல்லோரும் அதன் விலையைத்தான் கேட்பார்கள். நீங்கள் அதன் ஊரைக் கேளுங்கள். அதன் முப்பாட்டன்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேளுங்கள். எனக்கு அதைச் சொல்லித் தந்தவர், காக்ஸ் டவுனில் நான் முதலில் வீட்டு வேலைக்குப் போன பங்களாவின் அம்மா. அங்கே கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கிரேட் டேன் இருந்தது. குக்கர் விசில் அடித்தால் ஓடி வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இவ்வளவு பெரிய உடம்புக்குள் இவ்வளவு பயமா என்று நான் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஜெர்மனியில காட்டுப்பன்றியைப் பிடிச்சு நிறுத்தின ஜாதி அது. எப்பவும் பக்கத்துல ஆள் நின்னு பழக்கம். பயந்து உன்கிட்ட வரல, வேலைக்குக் கூட்டாளி தேடி வருது" என்றார். அன்றிலிருந்து விசில் அடிக்கும்போதெல்லாம் நானும் ஒரு அடி பின்னால் நகர்ந்து அதன் தோளோடு தோளாக நிற்பேன்.

பிறகு ஓசூர் போகும் சாலையில், அத்திபெலே பக்கம் நாய்களைத் தங்கவைத்துப் பழக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. அங்கேதான் நாடு நாடாக நாய்களைப் பார்த்தேன். ஒரு செயின்ட் பெர்னார்டு கோடை தொடங்கியதும் குளியலறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வர மறுத்தது. வீட்டுக்காரர் சோம்பேறி என்று திட்டினார். பனிமலையில் துறவிகளோடு நடந்து, வழி தவறியவர்களைத் தேடிய பரம்பரை அது. பெங்களூர் ஏப்ரல் அதற்கு அடுப்பு. லாசா ஆப்சோ என்று ஒன்று, மடியில் அடங்கிவிடும் அளவு. திபெத்து மடாலயங்களுக்குள் காவல் காத்த இனம். ரிச்மண்ட் டவுனில் ஒரு வீட்டில் அது மருமகனை ஒரு வருடம் கூடத்துக்குள் விடவில்லை. லாப்ரடார் குளிர்க்கடலில் மீனவர்களோடு வலை இழுத்தது. கவ்வியதையெல்லாம் உங்கள் கையில் கொண்டுவந்து கொடுப்பதில்தான் அதற்கு ஆனந்தம். உங்கள் செருப்பை உங்களுக்கே பரிசளிக்கும். திருடன் வந்தால் அவனுக்கும் ஒன்று கொடுக்கும்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பகுதி. கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து படித்த பிள்ளைகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் கார்த்திகேயன். ஈரோட்டுப் பக்கம். மார்கழிக் குளிரில், விடிந்தும் விடியாத நேரத்தில், ஆபீஸுக்குப் போவதற்கு முன் காரை எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். எதிரே யார் வந்தாலும் தெரியாத அளவு பனி. பின்னால் ராகி அறுத்த வயல், அதற்கப்பால் ஏரி, இந்தப் பக்கம் தைலமரங்கள், அந்த மரங்களுக்கு அப்பால் ஓசூர் நெடுஞ்சாலை. எதுவுமே தெரியவில்லை. லாரிகளின் சத்தம் மட்டும் எங்கோ கனவுக்குள் ஓடுவதுபோலக் கேட்டது.

காரின் பின் இருக்கையில் ஒரு பெண்ணும் ஒரு நாயும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அந்தப் பெண் இடப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் வலப்பக்க ஜன்னலை. இரண்டு பேருமே வெளியே இருந்த எதையும் பார்ப்பதாகத் தோன்றவில்லை.

கார்த்திகேயன் நாயை மட்டும் இறக்கிக் கூட்டிவந்தார். ஆப்கன் ஹவுண்ட். பாலில் லேசாகத் தேன் கலந்த நிறம். தலையிலிருந்து காதுகளின் இரண்டு பக்கமும் ரோமம் பட்டுநூலாகத் தொங்கியது. தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்த வந்த பெண்மாதிரி நின்றது. என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் எங்கோ ரொம்ப தூரத்தில் பார்த்தது.

"பேரு மோனாங்க" என்றார் அவர். "டெல்லியில இருந்து வரவெச்சது. ஊட்ல யாரையும் ஏறெடுத்துப் பாக்கறதில்லீங்க. கூப்பிட்டா காது கேக்காத மாதிரி நிக்குது. இதுக்குப் பாசமே இல்லீங்க."

"பாசம் இருக்கும் சார். காட்டுற விதம் வேற."

"அந்த விதம் எனக்கு வேண்டாங்க." காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அவ பேரு வித்யா. எங்களுக்கு ஒரு குழந்தை... மாசம் நெறஞ்சு, பொறக்கறப்பவே இல்லாமப் போயிருச்சு. அதுக்கப்புறம் அவ பேச்சே கொறஞ்சு போச்சுங்க. கேட்டா தலையாட்டுவா, அவ்வளவுதான். ஒருநாள் ஒரு புத்தகத்துல இந்த நாய் படத்தப் பாத்துட்டு, 'தலைக்குக் குளிச்ச மாதிரி இருக்கு'ன்னா. அவளா வாயத் தொறந்து சொன்னது அந்த ஒண்ணுதான். அதான் அலைஞ்சு திரிஞ்சு வாங்கினேன். மடியில தல வெச்சுப் படுக்கும், அவ தடவிக் குடுப்பா, மனசு மாறும்னு நெனச்சேங்க. இது அவ பக்கத்துலகூட போறதில்ல. ரூமுக்குள்ள ஒரு மூலையில அது, ஒரு மூலையில அவ."

அவரே தொடர்ந்தார். "இங்க விட்டுட்டுப் போறேன். பாசமா இருக்கப் பழக்கிக் குடுங்க. முடியாதுன்னா இத நீங்களே வெச்சுக்கிட்டு ஒரு நல்ல லாப்ரடார் பாத்துக் குடுங்க."

இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். எதிரே நிற்பவர் நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்; பேச்சு நாயைப் பற்றியதாக இருக்காது. அப்போது நமக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டக் கூடாது. ஆனாலும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருந்தது. ஆப்கானிஸ்தான் மலைகளில் வேட்டைக்குப் போன நாய் இது, குதிரைக்காரனைப் பின்னால் விட்டுவிட்டுக் கண்ணுக்கெட்டாத தூரம் ஓடும், அங்கே என்ன செய்வது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள், தானே முடிவெடுத்துப் பழகிய இனம், அதனால் கூப்பிட்டதும் ஓடிவருவது அதன் ரத்தத்திலேயே கிடையாது என்றேன்.

"கூப்பிட்டா எந்த நாயும் வருங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. தூக்கம் இல்லாத கண்கள். "நீங்களே பாருங்க, நான் விட்டுட்டுக் கூப்பிடறேன். எப்பிடி நிக்குதுன்னு."

கழுத்துப்பட்டையிலிருந்த கொக்கியின் மேல் அவர் கை போனது.

"சார், அவுக்காதீங்க. கேட்டு தொறந்து கெடக்குது" என்றேன்.

எங்கள் வேனை உள்ளே கொண்டுவருவதற்காகப் பாஷா பாய் அப்போதுதான் பின்பக்கக் கேட்டைத் திறந்திருந்தார். அவர் சிவாஜிநகர்க்காரர். விடியுமுன்னே அங்கிருந்து நாய்களுக்கு இறைச்சி வாங்கிக்கொண்டு வருவார். நான் சொல்லி முடிப்பதற்குள் கொக்கி கழன்றுவிட்டது.

மோனா ஓடவில்லை. அப்படியே நின்றது. கார்த்திகேயன் பின்னால் நகர்ந்து, "மோனா, வா வா வா" என்றார். அதன் காதுகூட அசையவில்லை. "பாத்தீங்களா?" என்று அவர் என்னிடம் திரும்பினார். அந்த நொடியில் கேட்டுக்கு வெளியே, வயலின் ஓரத்தில், ஏதோ ஒன்று துள்ளியது. முயலாக இருக்க வேண்டும். எனக்கு அது பனியில் ஒரு புள்ளி. மோனாவின் தலை உயர்ந்தது. அவ்வளவு நேரம் எங்கோ பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குள் ஒரு விளக்கு எரிந்ததுபோல இருந்தது. அடுத்த நொடி முற்றத்தில் நாய் இல்லை.

அது ஓடியதை எப்படிச் சொல்வது? கொடியில் காயப்போட்ட பட்டுச்சேலை காற்றில் அறுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும், அப்படிப் போனது. கால்கள் தரையில் பட்ட மாதிரியே தெரியவில்லை. பனிக்குள் போய் மறைந்து, வேறொரு இடத்தில் வெளியே வந்து, மறுபடி மறைந்தது. சொல்லக் கூடாது, ஆனால் அந்தப் பதற்றத்திலும் எனக்குள் ஒரு மூலை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் ஓடினோம். பனி அங்கங்கே கிழிந்து விலகத் தொடங்கியிருந்தது. கார்த்திகேயன் ஷூ சேற்றில் புதையப் புதையப் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினார். எங்கள் ஆட்கள் கயிற்றோடு ஓடினார்கள். வயல் வரப்பில் வந்துகொண்டிருந்த ஊர்க்காரர்கள் சிலர், என்ன ஏதென்று கேட்காமலே கையில் குச்சியோடு சேர்ந்துகொண்டார்கள். ஆடு மேய்க்கும் ஒரு கன்னடப் பெரியவர் பயந்துபோய் என்னை நிறுத்தி, "ஏனம்மா அது, நாயினோ தெவ்வானோ?" என்றார். நாயா பேயா என்று கேட்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பனிக்குள்ளிருந்து வெள்ளைக் கூந்தலோடு ஒன்று சத்தமில்லாமல் பறந்துபோனால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முயல் எப்போதோ தப்பிவிட்டது. மோனா இப்போது எங்கள் ஓட்டத்தைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஏரிப்பக்கம் போனால் அது தைலமரப் பக்கம் போனது. நாங்கள் வளைத்தால் அது அதைவிடப் பெரிதாக வளைந்தது. ஒவ்வொரு வளைவிலும் நெடுஞ்சாலை கொஞ்சம் கிட்டே வந்தது.

"அக்கா, ரோட்டாண்ட போவுது!" பாஷா பாய் வேன் மேல் ஏறி நின்று கத்தினார். "யா அல்லா, லாரிங்க வந்துகினே இருக்குது! பனியில டிரைவருக்கு ஒண்ணும் தெரியாதுக்கா!"

அப்போதுதான் நான் நின்றேன். மூச்சு வாங்குவதற்காகத்தான் நின்றேன். யோசித்து நின்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நின்றதும் ஒன்று கண்ணில் பட்டது. தூரத்தில் மோனாவும் வேகத்தைக் குறைத்து என் பக்கம் பார்த்தது. நான் ஓடத் தொடங்கினேன், அதுவும் ஓடியது. மறுபடி நின்றேன். அதுவும் தளர்ந்தது. அது பயந்து ஓடவில்லை என்று புரிந்தது. கண்ணால் வேட்டையாடும் நாய். அசைவதுதான் அதற்கு உலகம். நாங்கள் அத்தனை பேரும் கை காலை ஆட்டிக்கொண்டு அதற்கு ஒரு பெரிய விளையாட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

"பாய், வேன்ல இருக்குற செவப்புக் கம்பளிய எடுத்துக்கினு ரோட்டுக்குப் போங்க. லாரிங்கள மெதுவா போவச் சொல்லுங்க. நாயப் பாக்காதீங்க" என்றேன். அவர் கேள்வி கேட்காமல் ஓடினார். மற்றவர்களைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாரும் நில்லுங்க! இருக்குற எடத்துலயே ஒக்காருங்க! யாரும் அதப் பாக்காதீங்க, மொகத்தத் திருப்பிக்கோங்க!" ஆட்டுக்காரப் பெரியவரிடம், "கூத்கொள்ளி அஜ்ஜா" என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னேன். அவர் ஆடுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கார்த்திகேயன் உட்காரவில்லை. என் எதிரே வந்து நின்றார்.

"உக்காரறதா? என்னங்க பேசறீங்க? அது ரோட்டுக்குப் போயிருச்சுன்னா?"

"நாம ஓடினா கண்டிப்பா போயிடும் சார். ஒக்காந்தா போவாம இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"இருக்கலாம். அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

அவர் முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மனிதனிடம் அவனுக்கு மிச்சமிருக்கும் கடைசிப் பொருளையும் ஆற்றில் விடச் சொன்னால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தார். அவருக்கு நான் உறுதி சொல்லியிருக்கலாம். 'வந்துடும் சார், நான் பொறுப்பு' என்று சொல்லியிருந்தால் உடனே உட்கார்ந்திருப்பார். ஆனால் எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? புத்தகத்தில் படித்ததும் கேட்டதும் ஒரு பக்கம். எதிரே உயிருள்ள ஒரு நாய், மறுபக்கம் லாரி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஆனாலும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்கு அன்றைக்குத்தான் பழகினேன்.

அப்போது எங்களைத் தாண்டி யாரோ நடந்து போனார்கள். வித்யா. காரிலிருந்து அவள் எப்போது இறங்கினாள் என்று ஒருவருக்கும் தெரியாது. செருப்பில்லாத கால்கள், தோளில் ஒரு நீலத் துப்பட்டா. அறுத்த ராகித் தாள் காலில் குத்துமே என்று நான் நினைத்தேன். அவள் அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை. வயலின் நடுவே போய், நாய் இருந்த திசைக்கு முதுகைக் காட்டி, கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். நான் சொன்னதைக் கேட்டுச் செய்தாளா, நிற்க முடியாமல் உட்கார்ந்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் உட்கார்ந்ததைப் பார்த்துக் கார்த்திகேயனும் அப்படியே மண்ணில் சரிந்தார். நானும் உட்கார்ந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல இருக்கிறது. பனி எங்களைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது. ஊர்க்காரர்கள் வரப்புகளில் மூட்டைகள்போல உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆடு செருமியது. சாலைப் பக்கம் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் வருவதற்கும் அடங்குவதற்கும் இடையில் என் உள்ளங்கையில் நகம் பதிந்துவிட்டது. நான் நாயைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த ஒரு ராகித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நுனியில் ஒரு பனித்துளி இருந்தது. அதற்குள் வயல் முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது.

முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு தாள் நொறுங்கும் மெல்லிய ஓசை. கடைக்கண்ணில் வெளிர்நிறமாக ஒன்று கடந்தது. வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஆடுகளின் பக்கம் போய் முகர்ந்து, விலகி, ஒரு ஊர்க்காரரின் தலைத்துண்டை முகர்ந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு கார்த்திகேயனிடம் வந்தது. அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. கையை நீட்டினால் கழுத்துப்பட்டை கிடைத்துவிடும் தூரம். அவர் கை மண்ணிலிருந்து மெல்ல எழுந்ததைப் பார்த்தேன். அவர் கண்கள் என்னைத் தேடின. பிடித்துவிடட்டுமா என்று கேட்கின்றன. இந்த நாயின் வேகத்துக்குக் கை தப்பும், தப்பினால் இன்று முழுக்க யார் உட்கார்ந்தாலும் இது கிட்டே வராது. நான் தலையை மட்டும் அசைத்தேன், வேண்டாம் என்று. அந்தக் கை காற்றில் நின்றது. பிறகு அதே கை கீழே இறங்கி ஒரு பிடி ராகித் தாளை இறுகப் பற்றிக்கொண்டது. நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ முரட்டு நாய்களை அடக்கிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாருடைய கையையும் அதைவிடப் பலமான கை என்று சொல்ல மாட்டேன்.

மோனா அவரை விட்டு நகர்ந்தது. நேராக வித்யாவின் பின்னால் போய் நின்றது. அவள் திரும்பவில்லை. நாயும் அவள் முகத்தைப் போய்ப் பார்க்கவில்லை. இருவரும் சும்மா அப்படியே இருந்தார்கள், காருக்குள் இருந்ததைப்போல. பிறகு மோனா ஒரு பெருமூச்சு விட்டு, கால்களை மடித்து, தன் முதுகை அவள் முதுகின் மேல் சாய்த்துக்கொண்டு படுத்தது.

"குளிருதா?" என்றாள் வித்யா.

அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் கார்த்திகேயன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார்.

எங்கள் ஆள் ஒருவர் கயிற்றோடு எழப் பார்த்தார். நான் கையால் தடுத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். நாய் கிடைத்துவிட்டது என்பதற்காக உடனே கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அங்கே நடப்பது எது என்று முதலில் பாருங்கள். வித்யாவே ஒரு கட்டத்தில் தோளிலிருந்த துப்பட்டாவை உருவி, பின்னால் கையை விட்டு, பார்க்காமலே கழுத்துப்பட்டைக்குள் நுழைத்து முடிச்சுப் போட்டாள். எழுந்தாள். நாயும் எழுந்தது. யாரும் யாரையும் இழுக்கவில்லை. துப்பட்டா தொய்ந்து தரையில் உரசிக்கொண்டே வந்தது.

பாஷா பாய் சாலையிலிருந்து கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வித்யா வருவதைப் பார்த்து ஓரமாக ஒதுங்கி நின்று, ஏதோ ஊர்வலம் போவதுபோல வழி விட்டார். ஆட்டுக்காரர் ஒருமுறை தயங்கிக் கையை நீட்டி, அந்த ரோமத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பேய் இல்லை என்று இப்போதுதான் நம்பினார் போலும்.

முற்றத்தில் சூடாக டீ கொடுத்தோம். வித்யாவின் பாதங்களில் கீறல்கள். மஞ்சள் வைத்தேன். கார்த்திகேயன் தள்ளி நின்றுகொண்டிருந்தார். நாயை இங்கே விடுவதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவள்தான் பேசினாள். டம்ளரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"ஊட்டுக்கு வர்றவங்க எல்லாரும் என் மொகத்தயே பாக்கறாங்கக்கா. நான் அழுதனா, சாப்பிட்டனா, தூங்கினனான்னு. அவங்களுக்காகவே நான் ஒரு மொகம் வெச்சுக்க வேண்டியிருக்கு. இது பாக்கறதில்ல. ரூமுல இருக்கும். அவ்வளவுதான். இதுகூட இருக்கறப்ப நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "இத மாத்திராதீங்க" என்றாள்.

நான் கார்த்திகேயனைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போய்க் காரின் பின்கதவைத் திறந்து வைத்தார்.

நாயின் குணத்தைக் குறை என்று கொண்டுவருபவர்கள் உங்களிடமும் வருவார்கள். அவர்களுக்குப் பழக்கிக் கொடுங்கள், அது நம் தொழில். தெருவில் இழுக்காமல் நடக்க, விருந்தாளி மேல் தாவாமல் இருக்க, எல்லாம் பழக்கலாம். ஆனால் ஒரு நாயை இன்னொரு நாயாக்கித் தருகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மலையில் தனியாக முடிவெடுத்த நாயை வலை இழுத்த நாயாக மாற்ற முடியாது. மாற்ற முடிந்தாலும், அந்த வீட்டில் யாருக்கு அது அப்படியே தேவைப்படுகிறது என்று நமக்குத் தெரியாது.

கார்த்திகேயன் சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தார். நாய் வரவில்லை. எங்களுக்காக ஊரிலிருந்து வந்த தேங்காய் பன் கொண்டுவந்திருந்தார். லாப்ரடார் வேண்டாம் என்று சொல்லவே வந்ததாகச் சொன்னார். அதைச் சொல்லிவிட்டும் போகவில்லை. நான் ஒரு காக்கர் ஸ்பானியலின் காதைச் சீவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"நானும் இப்பெல்லாம் அவகிட்ட ஒண்ணும் கேக்கறதில்லீங்கக்கா" என்றார். "ஆபீஸ்ல இருந்து வந்து அதே ரூமுல உக்காந்துக்கறேன். பேப்பர் படிப்பேன். சில நாள் அதுவும் படிக்கறதில்ல. மொத மொத ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. எந்திரிச்சுப் போய் அவ கையப் புடிச்சுக்கணும்னு இருக்கும். உக்காந்தே இருப்பேன்."

நான் சீப்பை நிறுத்தவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

"நேத்து அவளா வந்து பக்கத்துல உக்காந்தா. மோனாவும் வந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு பேரு சொன்னா. மொதல்ல எனக்குப் புரியல. அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. குழந்தைக்கு மனசுக்குள்ள அவ வெச்சிருந்த பேருங்க. இத்தன நாளா யாருக்குமே சொல்லல. எனக்குமே சொல்லல."

காக்கர் ஸ்பானியல் என் கையிலிருந்து நழுவிப் போய் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டது. அவர் குனிந்து அதன் தலையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து அந்தப் பெயரை ஒருமுறை சொன்னார். ரொம்ப அழகான பெயர். அதை நான் உங்களிடம் சொல்லப் போவதில்லை.